மலை வரட்டும்

"இரு, இரு. மலை வரட்டும்" என்று ஒரு மீன்கொத்தியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் அன்புச்செல்வி. அடி அண்ணாமலை ஏரிக்கரை. மார்கழிக் காலை ஆறே முக்கால் மணி. மங்கி குல்லாய்க்கு வெளியே தெரிவது கண்ணும் மூக்கும் மட்டும். கேமராவை ஒரு கண்ணில் அழுத்திக்கொண்டு, கரைச் சரிவில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்கிறார். பறவை ஒரு காய்ந்த குச்சியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் பனிக்குள் மலை பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. இரண்டும் ஒரே கட்டத்துக்குள் வந்தால்தான் அவர் பொத்தானை அழுத்துவார். மீன்கொத்திக்கு அவ்வளவு நேரம் இல்லை, போய்விட்டது. "போ, போ. நாளைக்கி வருவ இல்ல?" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் லென்ஸைத் துடைக்கிறார். பக்கத்தில் நிற்கிற நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அந்தக் கேமரா ஒரு காலத்தில் என்னுடையது. சின்னக்கடைத் தெருவில் இருபத்தாறு வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று இந்த ஊரில் நான் படம் பிடிக்காத குடும்பம் கம்மி. புதுசு வாங்கியபோது பழையதை, கடைக்கு வந்துபோய் அண்ணா அண்ணா என்று பழகிய அன்புச்செல்விக்குக் கொடுத்தேன். என்னிடம் இருந்தவரைக்கும் அதற்குத் தனித் துணி, தனிப் பெட்டி, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம். அவரிடம் போன பிறகு டிபன் பாக்ஸோடு ஒரே பையில் பஸ் ஏறுகிறது. கழுத்துப் பட்டை அறுந்ததும் ஆபீஸ் அடையாள அட்டையின் நாடாவை எடுத்துக் கட்டியிருக்கிறார். கேட்டால், "கலெக்டர் ஆபீஸ் நாடாண்ணா, அறுவாது" என்கிறார்.

வயது நாற்பத்தேழு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகள் சினேகா வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அன்புச்செல்விக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தபால் பிரிவில் வேலை. வருகிற மனுவையும் கடிதத்தையும் வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, எந்தப் பிரிவுக்குப் போகவேண்டுமோ அங்கே அனுப்பவேண்டும். திங்கள்கிழமை மனு நாள். அன்றைக்கு அவர் முத்திரை குத்துகிற சத்தத்தைக் கேட்டால் பக்கத்து அறையில் யாரோ மிளகாய் இடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

பறவைகளுக்கும் அதே நடைமுறைதான். ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். "எண் 212. பச்சைப் பஞ்சுருட்டான், இரண்டு. இடம்: ஏரிக்கரை கரண்ட் கம்பி. நடவடிக்கை: பறந்துவிட்டன" என்று எழுதியிருக்கும். பெயர் தெரியாத பறவைக்கு எதிரில் "நிலுவை" என்று இருக்கும். நிலுவை ஜாஸ்தியாகிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டோடு ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவார். எனக்குக் காக்காய்க்கும் குயிலுக்குமே வித்தியாசம் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு என் வேலை முடிந்தது. அவர் பறவைப் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டுவார். பெயர் கிடைத்ததும் நிலுவையை அடித்துவிட்டு, "அப்பாடா, ஒரு ஃபைலு முடிஞ்சிது" என்று நாற்காலியில் சாய்வார். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் பிள்ளை பாஸ் என்று கேட்டவர்கள்தான் அப்படி மூச்சு விடுவார்கள்.

பறவை பார்க்கப் போகிற இந்த நடை வருஷம் முழுக்கக் கிடையாது. கார்த்திகை தீபக் கூட்டம் ஊரைவிட்டுப் போய், தீபம் எரிந்த கொப்பரையை மலையுச்சியிலிருந்து இறக்கின மறுநாள் தொடங்கும். மாசியில் பாறை சூடேற ஆரம்பித்ததும் முடியும். "இந்த ரெண்டரை மாசந்தாண்ணா ஊரு நம்ம ஊரு மாதிரி கீது" என்பார். பௌர்ணமியைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால் அது உண்மைதான். தீபம் முடிந்து லாட்ஜ்கள் காலியாகி, ஆட்டோக்காரர்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அந்த நாட்களில் எனக்கும் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருக்கும். மலைமேல் ஏற வனத்துறை விடுவதில்லை, அவரும் கேட்பதில்லை. சாலையைவிட்டு வெளிப்பக்கமாக இறங்கி, ஏரிக்கரை, கரும்புக் கொல்லை வரப்பு, கரடு, முள்காடு என்று எட்டு பத்து கிலோமீட்டர் நடப்பார். மகள் பள்ளிக்கூடத்தில் போட்ட கான்வாஸ் ஷூதான் காலில். ஒருமுறை நானும் கூடப் போய்விட்டு, மூன்று நாள் ஸ்டுடியோ மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு இரண்டு விதி. முதலாவது, நடந்தால் மலை வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். ஊரே அப்படித்தானே சுற்றுகிறது என்பீர்கள். ஊர், சாமி கும்பிடப் போகும்போது அப்படிப் போகும். பால் வாங்கப் போகும்போது பால் எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் போகும். இவருக்குப் பறவை பார்க்கப் போனாலும் வலம்தான். "பின்னால கழுகும்மா, எம்மாம் பெருசு!" என்று நான் கத்தினாலும் திரும்பி நடக்கமாட்டார். "அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாண்ணா" என்பார். அடுத்த ரவுண்டு என்றால் பதினாலு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் இந்த விதி செல்லாது என்று அவரே ஒரு திருத்தமும் போட்டுவைத்திருக்கிறார், ஆபீசுக்குப் போகவேண்டுமே.

இரண்டாவது, மலைக்கு முதுகு காட்டி நிற்கமாட்டார். காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், "பெத்தவங்க எதிர்ல கால நீட்டி ஒக்காருவியாண்ணா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். அதனால் மலையோடு சேர்ந்து அவர் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. அவர் எடுக்கிற படங்களில் மலை இல்லாத படமும் ஒன்றுகூட இல்லை. குருவி எடுத்தாலும் மலை, வண்ணத்துப்பூச்சி எடுத்தாலும் மலை. மலைக்கு நடுவில் எங்கேயோ குருவி இருக்கும், தேடிக்கொள்ளவேண்டும். ஆடு மேய்க்கிற பாஞ்சாலை அக்காவை ஒருமுறை எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். பாஞ்சாலை படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கடி கீறேன்?" என்று கேட்டாராம்.

இந்தப் படங்களால் என் கடையில் ஒரு விளையாட்டே உண்டாகிவிட்டது. பிரிண்ட் போட்டு முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிவைத்தால், பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள். பறவையை யாரும் கண்டுகொள்வதில்லை. "இது சூரிய லிங்கம் கோயில் தாண்டி எடுத்தது" என்பார் ஒருவர். "இல்லீங்க, அதுக்கு முன்ன. அங்க நின்னா மூணு உச்சி தெரியும், இதுல ரெண்டுதானே கீது" என்பார் இன்னொருவர். இந்த மலை, நின்ற இடத்துக்கு ஒரு முகம் காட்டும். கிழக்கே நின்று பார்த்தால் ஒற்றையாக இருக்கும். சுற்றச் சுற்ற இரண்டாகும், மூன்றாகும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த முகமே விலாசம். படத்தின் ஓரத்தில் கையகலம் மலை தெரிந்தால் போதும், எடுத்தவர் எந்தப் புளியமரத்தடியில் நின்றார் என்று சொல்லிவிடுவார்கள். நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், போன வருஷ மார்கழி வரை.

அடி அண்ணாமலைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கல் உடைத்துக் கைவிட்ட ஒரு பள்ளம் இருக்கிறது. கல்லுக்குழி என்பார்கள். குழிக்கு நடுவில் உடைக்காமல் விட்ட ஒரு பெரிய பாறை. அதில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பொந்து. அந்தப் பொந்தில் ஒரு கோட்டான் ஜோடி வருஷா வருஷம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அன்புச்செல்வி அதைக் கண்டுபிடித்து இரண்டு வருஷமாகியும் என்னிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை. நோட்டில், "இடம்: தெரிந்த இடம்" என்றுதான் இருக்கும். சொல்லாததற்குக் காரணம் உண்டு. கோட்டானை வைத்து மாந்திரீகம் செய்கிறோம் என்று ஒரு கூட்டம் திரிகிறது. அவர்களுக்குப் பிடித்துக் கொடுக்க இன்னொரு கூட்டம். பிடித்தால் ஜெயில் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்குள் குஞ்சு சாக்குப் பைக்குள் போயிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று குஞ்சுகளும் ஒன்றாக எட்டிப் பார்த்திருக்கின்றன. பஞ்சு உருண்டை மாதிரி மூன்று உடம்பு, ஆரஞ்சு நிறத்தில் ஆறு கண், பின்னால் பனி விலகின மலை. படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். பொய் சொல்லமாட்டேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. அதே சந்தோஷத்தில் அவர் அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். "மனு வாங்க மூன்று பேர் தயார்" என்று கீழே ஒரு வரி வேறு. இடத்தின் பெயரைப் போடவில்லை. ரொம்ப ஜாக்கிரதையாக இருந்ததாகத்தான் அவருக்கு நினைப்பு.

சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கடை அப்பாசாமி கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "இன்னாம்மா அன்பு, பழைய கல்லுக்குழியாண்ட போயிருந்தியா? பெரிய உச்சிக்கு எடப்பக்கம் சின்னதா ஒரு தோளு தெரியுதே, அங்க நின்னாத்தானே அப்பிடித் தெரியும்?" கண்டுபிடித்துவிட்ட பெருமையில் சொன்னார் பாவம். அன்புச்செல்வி போனை வைத்த கையோடு ஸ்டேட்டஸை அழித்தார். அதற்குள் பார்த்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். பார்த்தவர்களில் யார் யாருக்கு அனுப்பினார்களோ, ஐந்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா கோட்டான் குஞ்சு சூப்பர். எடம் தெரியும். மொத்தம் மூணுதானா, இன்னும் கீதா?"

எனக்கு அவர் போன் செய்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "அண்ணா, நான் காட்டிக் குடுத்துட்டேன்ணா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "மலைய உட்டுட்டு எடுத்திருந்தா எந்த எடம்னு ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. பழக்கதோசத்துல மலைய சேத்து வச்சிட்டேன்" என்று அழுதார். வனத்துறைக்குச் சொல்லிவிட்டாராம், காலையில் ஒன்பது மணிக்கு ஆள் வருகிறதாம். இப்போதே போய்ப் பார்க்கலாமே என்றேன். "டார்ச் அடிச்சிகினு போனா, நாமளே வழிகாட்டுன மாதிரி ஆயிடும்ணா. வெடிஞ்சதும் வா" என்றார். அன்றைக்கு இரண்டு பேருமே தூங்கவில்லை.

திங்கட்கிழமை, வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில் வண்டியைக் கிளப்பினேன். கிரிவலச் சாலையில் பனி இறங்கி, முன்னால் போகிற சைக்கிள்கூடத் தெரியவில்லை. கல்லுக்குழிக்குத் திரும்புகிற இடத்தில் நிறுத்தினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. பக்கத்தில் வந்ததும் பார்த்தேன், அன்புச்செல்வி. குல்லாய் இல்லை, ஷூ இல்லை, வீட்டுச் செருப்பு. வீட்டிலிருந்து நேர்வழியாக வந்திருக்கிறார், மலை அவருக்கு இடக்கைப் பக்கம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

குழிக்குப் போகும் மண்பாதையில் மோட்டார் சைக்கிள் தடம் ஒன்று, ஈரத்தில் அப்படியே பதிந்து கிடந்தது. மேட்டில் நாலைந்து சிகரெட் துண்டுகள். நாங்கள் இரண்டு பேரும் அவற்றைப் பார்த்தோம், நடையை எட்டிப் போட்டோம். குழிக்குள் இறங்க ஆடுகள் போய்ப் போய் உண்டான ஒரே ஒரு தடம்தான் உண்டு. அந்தத் தடத்தை மறித்து வேலிகாத்தான் முள் குவிந்து கிடந்தது. கவைக்கோலால் இன்னும் ஒரு கட்டு முள்ளைத் தள்ளிக்கொண்டு நின்றது பாஞ்சாலை அக்கா.

"வாடியம்மா. உன் போட்டோவால எனக்குப் பேஜாரு" என்றுதான் ஆரம்பித்தார். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேர் வண்டியில் வந்தார்களாம். "கோட்டான் எங்க கீதுன்னானுங்க. அது போயி எத்தினியோ மாசம் ஆவுதேன்னேன். போட்டோல கீதேன்னு போன நீட்டுறான். அது போன வருசத்துப் போட்டோடா, அந்தப் பொண்ணுக்கு வேற வேல இன்னா, பழச எடுத்து எடுத்துப் போடும்னேன்."

"போயிட்டானுங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே அன்புச்செல்வி முள்ளுக்குமேல் எக்கிப் பார்த்தார்.

"எங்க போனானுங்க? எறங்கிப் பாக்கறோம்னானுங்க. உள்ள கண்ணாடி விரியன் கீது, எறங்கறவன் எறங்குன்னேன். மேலேயே நின்னு பொகை ஊதிகினு இருந்தானுங்க. இருட்டிப் போச்சி, நான் ஆட்ட ஓட்டிகினு கௌம்பிட்டேன். அதுக்கப்பறம் எறங்குனானுங்களோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. மனசு கேக்கல, அதான் கோழி கூவச்சொல்ல வந்து முள்ளு போடறேன்."

"உங்களுக்குக் கோட்டான்மேல அவ்வளவு பிரியமா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்துக்குப் பிரியம்? அது வந்த பொறவுதான் எங்க மல்லாட்டக் கொல்லைல கடலைய நோண்டற எலி கம்மி."

அன்புச்செல்வி வழக்கமாக நின்று எடுக்கிற மேட்டுக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் எதிரில் பாறை, பாறைக்குப் பின்னால் மலை. அன்புச்செல்வி கேமராவைத் தூக்கி ஜூமை நீட்டினார். பொந்துக்குள் எதுவும் அசையவில்லை. குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது, குளிர் என்று மட்டும் சொல்லமுடியாது. ஐந்து நிமிஷம் இருக்கும். ஒரு வெள்ளைத் தலை மெதுவாக மேலே வந்தது. "ஒண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அதன் தோளை இடித்துக்கொண்டு இன்னொன்று. "ரெண்டு."  எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இரண்டு கிடைத்ததே பெரிது.

மூன்றாவது வரவில்லை. பத்து நிமிஷம், கால் மணி நேரம். சூரியன் வந்துவிட்டது. கேமராவைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. "ஒண்ண எடுத்துகினு போயிட்டானுங்கண்ணா" என்றார். அழுகை வந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும், அப்படிச் சொன்னார்.

பாஞ்சாலைதான் பின்னாலிருந்து, "அந்தாண்டக் கரைக்குப் போயிப் பாக்கறது? பொந்து ரெண்டு பக்கமும் தொறந்துதானே கீது. இங்க மறைச்சா அங்க தெரியும்" என்றார்.

அன்புச்செல்வி மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்தாண்டக் கரை என்றால் மலைப் பக்கத்துக் கரை. அங்கே நின்று பொந்தைப் பார்க்கவேண்டுமென்றால் மலைக்கு முதுகைத் திருப்பித்தான் ஆகவேண்டும். இரண்டு வருஷமாக இந்தக் குழிக்கு வந்துபோகிறவர் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் போய்ப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினேன். கேமராவைக் கொடுக்கவில்லை. நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பித்தார். அந்த அவசரத்திலும் குழியை வலமாகத்தான் சுற்றிக்கொண்டு போனார்.

எதிர்க்கரைக்குப் போய் முதலில் மலையைப் பார்த்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார், ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. உதடு அசைந்ததா என்று இங்கிருந்து தெரியவில்லை. பிறகு மெதுவாக, கால் கால் அடியாக, எங்கள் பக்கம் திரும்பினார். மலை முழுசாக அவருக்குப் பின்னால் நின்றது. கேமராவைக் கண்ணில் வைத்தார். என் பக்கத்தில் பாஞ்சாலை கவைக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கேமரா கண்ணைவிட்டு இறங்கவில்லை. இடக்கை மட்டும் தனியாக மேலே வந்தது. அதில் மூன்று விரல்கள் நிமிர்ந்திருந்தன.